பார்க்கப் புதிதாக இருக்கும் கயிற்றை நம்பி மரம் ஏறலாமா?

மரம் ஏறுவதை விட்டுவிட்ட ஒருவர் தன்னிடமிருந்த கயிறு, ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), லேன்யார்டு (ஆளை மரத்தோடு சேர்த்துக் கட்டும் குட்டைக் கயிறு), நான்கைந்து காரபினர்கள் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்) எல்லாவற்றையும் உங்களிடம் கொடுத்திருக்கிறார். கயிறு பார்க்கப் புதிது மாதிரியே இருக்கிறது. எவ்வளவு எடை தாங்கும், எப்படிச் சோதிப்பது, எத்தனை வருடம் வரும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கண்ணால் பார்த்து ஒரு கயிற்றை நம்பலாமா? பார்த்துக் கழித்துக் கட்டலாம், பார்த்து மட்டும் ஏற்றுக்கொள்ள முடியாது என்பது என் பதில். கயிற்றின் நிலைமையில் பாதி கைக்கும் கண்ணுக்கும் தெரியும். மீதி, அது இதுவரை எங்கே கிடந்தது, யார் அதை என்ன செய்தார்கள் என்ற கதையில் இருக்கிறது. அந்தக் கதை தெரியாவிட்டால் எவ்வளவு தடவிப் பார்த்தாலும் சோதனை பாதியில்தான் நிற்கும்.

நான் பதினேழு ஆண்டுகளாகக் கயிற்றில் ஏறிக் கிளை கழிக்கும் வேலை செய்கிறேன். கடைசி எட்டு ஆண்டுகளாக எங்கள் குழுவின் சாமான்களைச் சோதித்துப் பதிவு செய்வதும் என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் கயிறு என் கையில் இல்லாததால் அதில் என்ன குறை இருக்கிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. இதைப் படித்துவிட்டு நேராக மரத்துக்குப் போய்விடவும் வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டிய வேலை இது.

முதலில் எடை. மரம் ஏறும் கயிறு புதிதாக இருக்கும்போது தாங்கும் அளவைக் கேட்டால் யாருக்கும் தைரியம் வந்துவிடும். ஐரோப்பியத் தரமான இ.என். 1891-இன் 'ஏ' வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். அமெரிக்காவின் மரப்பணிப் பாதுகாப்புத் தரமான ஆன்சி இசட் 133 கேட்பது 24 கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 102 கிலோ எடை. அப்படியென்றால் 2,200 கிலோ தாங்கும் கயிறு 80 கிலோ ஆளைத் தாங்காதா? தாங்கும். ஆனால் அந்த எண் முடிச்சே இல்லாத புதுக் கயிற்றுக்கு உரியது. முடிச்சு போட்டதுமே, அதன் வகையைப் பொறுத்து, ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஏறக்குறைய பாதி வரை வலு குறைகிறது. அதே இ.என். தரமே '8' வடிவ முடிச்சு போட்ட முனைக்கு 15 கிலோநியூட்டன்தான் கேட்கிறது. நைலான் நனைந்தால் இன்னும் கொஞ்சம் போகும். இதற்கு மேல் தேய்மானம், வெயில், கூர்மையான வளைவு. அப்புறம் தொய்ந்து கிடக்கும் கயிற்றில் ஆள் சட்டென்று விழுந்தால் வரும் வெட்டிழுப்பு. மரம் ஏறும் கயிறு அதிகம் நீளாத கயிறு. பாறை ஏறுபவர்களின் கயிறு மாதிரி விழுகையை வாங்கிக்கொண்டு நீண்டுகொடுக்காது. அதனால் சின்ன விழுகையும் முதுகெலும்பிலும் கிளையிலும் நேராக இறங்கும். கட்டிய இடத்துக்கு மேலே ஏறாதே, கயிற்றில் தொய்வு விடாதே என்று முதல் நாளே சொல்லித் தருவது இதனால்தான்.

நல்ல கயிறு வெறும் ஆள் எடையில் அறுந்ததை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் நேரில் அறிந்த விபத்துகளில் கயிறு ரம்பத்தில் வெட்டுப்பட்டிருக்கும், முடிச்சு தப்பாக விழுந்திருக்கும், கொக்கி சரியாக மூடியிருக்காது, அல்லது கயிறு போட்ட கிளையே ஒடிந்திருக்கும். அதனால் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை விட, எங்கே வெட்டுப்படும், எங்கே சூடேறும், எதில் உரசும் என்ற கேள்விகள் உங்களுக்கு அதிகம் உதவும்.

சோதிக்கும் முன் உங்கள் கயிறு எந்தக் கட்டமைப்பு என்று தெரிய வேண்டும். வெளியே உறை, உள்ளே இழைகள் என்று எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும், பளுவை யார் சுமக்கிறார்கள் என்பது வகைக்கு வகை மாறும். உறையும் உள்ளிழையும் கொண்ட கெர்ன்மேன்டில் வகையில் பெரும்பாலான பளுவை உள்ளிழை சுமக்கிறது. உறை அதற்குச் சட்டை. இரட்டைப் பின்னல் கயிற்றில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. பழைய பதினாறு புரிப் பின்னலில் உறைதான் சுமக்கும். உள்ளே இருப்பது கயிறு உருண்டையாக நிற்பதற்கான நிரப்பு. ஆகவே உறையில் ஒரு புரி அறுந்திருக்கிறது என்றால் ஒரு கயிற்றில் அது சட்டைக் கிழிசல், இன்னொன்றில் அது எலும்பு முறிவு. இரண்டிலும் நான் அதைக் கழித்துவிடுவேன் என்பது வேறு விஷயம். இ.என். 1891 கயிறாக இருந்தால் உள்ளே ஒரு மெல்லிய நாடா ஓடும். தயாரிப்பாளர் பெயர், தர எண், தயாரித்த ஆண்டு, மூலப்பொருள் எல்லாம் அதில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். முனையில் கொஞ்சம் நறுக்கிப் பிரித்தால் கயிற்றின் வயது தெரிந்துவிடும். நாடாவும் இல்லை, முனையில் சீட்டும் இல்லை என்றால் அது மரம் ஏறும் கயிறுதானா, கிளை இறக்கும் கயிறா, சாமான் கட்டும் கயிறா என்பதே உறுதியில்லை. கிளை இறக்கப் பயன்பட்ட கயிற்றில் ஆள் ஏறவே கூடாது. மரக்கட்டைகள் அதில் எத்தனை தடவை வெட்டியிழுத்தன என்பதற்குக் கணக்கு கிடையாது.

இப்போது சோதனைக்கு வருகிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு, வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து, கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொஞ்சம் கொஞ்சமாக விரல்களுக்கு நடுவே இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு சாணுக்கும் கயிற்றைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் பாதிக் கயிற்றைத்தான் பார்த்திருப்பீர்கள். கண் தேடுவது வெட்டு, இழுபட்ட புரி, உறைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் வேறு நிற உள்ளிழை, காரணமில்லாத நிற மாற்றம், பளபளவென்று மினுங்கும் உருகிய திட்டு. விரல் தேடுவது மேடு, பள்ளம், கெட்டியான இடம், தொளதொளப்பான இடம். ஓர் அடிக்கு ஒரு தடவை கயிற்றைச் சிறு வளையமாக மடக்கிப் பாருங்கள். நல்ல கயிறு வட்டமாக வளையும். உள்ளே இழை போன இடத்தில் காகிதம் மடிவது மாதிரி கூராக மடியும். மேலே லேசாகச் சிலும்பு எழும்பியிருப்பது குறை அல்ல. புதுக் கயிறு பட்டையில் உரசினாலே அது வரும், உள்ளே இருப்பதை அது காக்கவும் செய்யும். ஒரே இடத்தில் அடர்த்தியாகச் சிலும்பியிருந்தால்தான் அங்கே என்ன உரசியது என்று தேட வேண்டும். முனையை மடித்துத் தைத்த வளையம் இருந்தால் தையலை மூடியிருக்கும் உறையை நகர்த்தி ஒவ்வொரு நூலையும் பாருங்கள். 45 மீட்டர் கயிற்றுக்கு இருபது நிமிடமாவது ஆகும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் மறுபடி உட்கார வைப்பேன்.

எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான ஒரு பையன் ஒருநாள் காலை இப்படிக் கயிற்றை இழுத்துக்கொண்டே போனவன் சட்டென்று நின்றான். "அண்ணே, இங்க ஏதோ பள்ளமா இருக்கு" என்றான். வாங்கிப் பார்த்தேன். உறையில் ஒரு கீறல்கூட இல்லை, நிறம் மாறவில்லை. கட்டைவிரல் நகம் அகலத்துக்கு மட்டும் கயிறு மெலிந்திருந்தது. மடக்கிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் தட்டையாக மடிந்தது. வெட்டித் திறந்தோம். உள்ளிழைகளில் மூன்றில் ஒரு பங்கு நசுங்கி அறுந்திருந்தது. முந்தின நாள் மேலிருந்து போட்ட ஒரு கட்டை, கீழே கல்லின் மேல் கிடந்த கயிற்றில் விழுந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கயிற்றை வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் அன்று அதில்தான் நான் ஏறியிருப்பேன்.

முதன்மைக் கயிற்றை இவ்வளவு கவனிப்பவர்களும் கோட்டை விடுவது உராய்வு முடிச்சுப் போடும் சிறுகயிற்றில். எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தச் சின்னத் துண்டுதான் உங்களை ஏற்றி இறக்குகிறது, நிறுத்துகிறது, தேய்மானம் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. கார்ல் பிரூசிக் என்ற ஆஸ்திரியர் 1931-இல் வெளியிட்ட முடிச்சிலிருந்து இன்று மரத்தில் போடும் பிளேக், டிஸ்டல், வி.டி. முடிச்சுகள் வரை எல்லாவற்றின் தத்துவமும் ஒன்றே: பளு விழுந்தால் இறுகும், தளர்த்தினால் நகரும். நகரும்போது உரசல், உரசினால் சூடு. பாலியஸ்டர் 255 டிகிரி செல்சியஸை ஒட்டியும், நைலான் 6 வகை 220 டிகிரியை ஒட்டியும் உருகும். வலுவுக்குப் பேர் போன டைனீமா மாதிரியான பாலிஎத்திலீன் இழையோ 145 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அதற்கு ரொம்ப முன்பே வலு இறங்கத் தொடங்கும். அதனால் அதை உராய்வு முடிச்சுக்குப் பயன்படுத்தக் கூடாது. வெப்பம் தாங்கும் செயற்கை இழையான அராமிட் உருகாது, 500 டிகிரியை ஒட்டித்தான் சிதையும். சிறுகயிறுகளின் உறையில் அராமிட் கலப்பது இதற்காகத்தான். ஆனால் அதற்கும் பலவீனம் உண்டு: திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மடங்குவதும், வெயிலும். வேகமாக வழுக்கி இறங்கி வந்ததும் முடிச்சைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் இறங்கிய வேகம் தப்பு. முடிச்சை அவிழ்த்தால் உள்வளைவில் கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு தெரிகிறதா, நகத்தால் தட்டினால் கெட்டியாக இருக்கிறதா? அந்தச் சிறுகயிறு முடிந்தது. முழுச் சாமானிலும் விலை குறைந்த பொருள் அதுதான். அதை மிச்சப்படுத்துவதில் எந்த அர்த்தமும் இல்லை.

இன்னொன்று, ஒரு கயிற்றில் நன்றாகப் பிடித்த முடிச்சு இன்னொரு கயிற்றில் வழுக்கலாம். தடிமன், விறைப்பு, ஈரம், ஏறுபவரின் எடை எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. அதனால் ஒவ்வொரு தடவையும், நீங்கள் எத்தனை வருடம் ஏறியவராக இருந்தாலும், முடிச்சைப் போட்டு, புரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒழுங்குபடுத்தி, கையால் இறுக்கி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் முழு எடையுடன் தொங்கிப் பாருங்கள். மேலும் கீழும் இரண்டு தடவை நகர்த்தி, பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு ஏறுங்கள்.

காரபினரில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். வாயைத் திறந்து விட்டால் கையால் தள்ளாமலே மூடி, தானே பூட்டிக்கொள்ள வேண்டும். பத்துத் தடவை செய்து பாருங்கள். ஒன்பது தடவை சரியாக மூடி ஒரு தடவை தயங்கினாலும் சுத்தம் செய்து மறுபடி சோதியுங்கள், அதற்குப் பிறகும் தயங்கினால் வேண்டாம். மரத்தில் கிளையும் கயிறும் வாயில் உரசிக்கொண்டே இருக்கும் என்பதால் திறக்க மூன்று அசைவு தேவைப்படும் தானியங்கிப் பூட்டுதான் நல்லது. திருகுப் பூட்டு உரசலில் தானே சுழன்று திறந்துகொள்ளலாம். நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும் காரபினர் குறுக்குவாக்கில் அதில் ஒரு சிறு பங்குதான் தாங்கும். அதனால் அது திரும்பி நிற்கவில்லை என்பதை ஏறும்போதே அவ்வப்போது கண் பார்த்துக்கொள்ள வேண்டும். கயிறு ஓடிய இடத்தில் பள்ளம் விழுந்து ஒரு மில்லிமீட்டர் ஆழத்தை எட்டிவிட்டால் நான் ஒதுக்கிவிடுவேன். ஹார்னஸில் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கம் வளையம் ஓடும் பாலம். உங்கள் எடை முழுவதும் தொங்குவது அந்த ஒரு சாண் கயிற்றில்தான்; ஆனால் அது கண்ணுக்கு நேரே இருப்பதாலோ என்னவோ யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பல மாடல்களில் பாலத்தைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன மீதிப் பாதிக்கு வருகிறேன். நைலானுக்கு அமிலம் எமன். பாலியஸ்டருக்கு வலுவான காரம் ஆகாது. வண்டி பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு நைலான் கயிறு கிடந்தால், அமிலம் மேலே சிந்தாமல் ஆவி பட்டாலே வலு இழக்கலாம். நிறமும் மாறாது, விரலுக்கும் தெரியாது. வலுவாக வெட்டியிழுத்த ஒரு விழுகையும் அப்படித்தான், வெளியே அடையாளம் விடாமல் போகலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி கயிற்றை இழுத்து அறுத்துப் பார்ப்பது, அதற்கப்புறம் கயிறு இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்குக் கிடைத்த சாமானில் கயிறு, சிறுகயிறு, லேன்யார்டு, ஹார்னஸ் ஆகிய துணிப்பொருட்கள் எதிலும் ஏற வேண்டாம். கொடுத்தவர் நல்ல மனிதராக இருக்கலாம், கயிறும் நல்ல கயிறாகவே இருக்கலாம். அவர் வாங்கிய தேதி, பயன்படுத்திய நாட்கள், வைத்திருந்த இடம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தால் மட்டும், அந்த ஏட்டையும் சாமானையும் சேர்த்துத் தகுதியுள்ள சோதனையாளர் ஒருவரிடம் காட்டுங்கள். காரபினர்கள் வேறு கதை. முத்திரை தெளிவாகத் தெரிந்து, வாய் ஒழுங்காக மூடி, பள்ளமோ விரிசலோ வளைவோ இல்லாமல் இருந்தால் சோதனையாளர் பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம். உயரத்திலிருந்து கடினத் தரையில் விழுந்தது என்று தெரிந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. பல தயாரிப்பாளர்கள் துணிப்பொருட்களுக்கு, தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 10 ஆண்டு என்று எல்லை வைக்கிறார்கள். அது பையிலேயே கிடந்தாலும் தாண்டக்கூடாத எல்லை. அதுவரை கட்டாயம் வரும் என்ற வாக்குறுதி அல்ல. தினமும் ஏறுபவரின் கயிறு ஓரிரு ஆண்டிலேயே கழிவுக்குப் போவது சாதாரணம். முதல் நாளே ரம்பம் பட்டால் முதல் நாளே முடிந்தது. ஏறும் ஒவ்வொரு நாளும் நீங்களே பார்ப்பது ஒன்று; தகுதியுள்ளவர் முறையாகப் பார்த்து எழுதி வைப்பது இன்னொன்று. ஐரோப்பியத் தரம் அதை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது செய்யச் சொல்கிறது. பிரிட்டனில் வேலையில் ஆட்களைத் தூக்கும் சாமானுக்கு 6 மாதம்.

சாமான் எல்லாம் சரி, கயிற்றை எங்கே போடுகிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். கயிற்றை இரட்டையாகப் போட்டு ஏறினால் உங்கள் எடை இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும். கிளைக்கு வருவது உங்கள் எடைதான். ஒற்றைக் கயிற்றை மேலே கிளையில் போட்டு மறுமுனையை மரத்தின் அடியில் கட்டினால், இரு பக்கமும் சேர்ந்து இழுப்பதால் கிளைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வரும். 80 கிலோ ஆள் ஏறினால் கிளைக்கு 160 கிலோ. இது தெரியாமல் மெல்லிய கவட்டையில் கயிறு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏறும் முன் கீழே இருந்து இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிப் பாருங்கள். பட்ட கிளை, காளான் முளைத்த கவட்டை, பட்டை உரிந்த இடம் எதுவும் வேண்டாம். மேலே ரம்பத்தை எடுத்தால் கயிறு ஒன்று, லேன்யார்டு ஒன்று என்று இரண்டு பிடிப்பு கட்டாயம். உள்ளே எஃகுக் கம்பி ஓடும் லேன்யார்டு கைரம்பத்துக்கு எதிராக நல்ல காப்பு. மோட்டார் ரம்பம் அதையும் அறுத்துவிடும்.

கடைசியாக, தனியாக ஏறாதீர்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்குபவர் சில நிமிடங்களிலேயே ஆபத்தான நிலைக்குப் போகலாம். அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர், தனக்கென்று ஒரு சாமான் தொகுப்புடன், கீழே நிற்க வேண்டும்.

புதுக் கயிறு வாங்கியதும் அதன் சீட்டை ஒரு நோட்டில் ஒட்டி, அன்றைய தேதியை எழுதுங்கள். அழுக்கானால் 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் மென்மையான சோப்புடன் அலசி நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், ரம்ப எண்ணெய், பேட்டரி எதன் பக்கத்திலும் வைக்காமல் தனிப் பையில் போடுங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் அந்தப் பழைய கயிற்றை முடிச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழு நீளத்தில் வைக்காதீர்கள். இன்றே ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் என்றாவது ஒருநாள் வேறு யாராவது, "பார்க்கப் புதிது மாதிரி இருக்கிறதே" என்று எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போவார்.